செதுக்காமல் தேய்த்தே செய்த குப்பிகள்: சீனத்து அகேட் மூக்குப்பொடிக் குப்பிகள் பற்றி ஓர் அறிமுகம்

மூக்குப்பொடி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பொடிமட்டைதான். வாழைப்பட்டையில் மடித்த சின்னப் பொட்டலம், தாத்தாவின் வேட்டி மடிப்பில் செருகியிருக்கும், ஒரு சிட்டிகை எடுத்து ஒரு இழுப்பு, அப்புறம் கண்ணில் நீர் முட்ட ஒரு தும்மல். ஏறக்குறைய அதே பொடியைத்தான் 18ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் ஓர் அரசு அதிகாரியும் இழுத்தார், ஆனால் அவர் அதை வைத்திருந்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு கல் குப்பியில். ஆறேழு சென்டிமீட்டர் உயரம், சுண்டுவிரல் நுழையாத வாய், வெளிச்சத்தில் தேன் மாதிரி ஒளி ஊடுருவும் உடம்பு. அந்தக் குப்பியை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. கல்லில் ஆர்வமே இல்லாதவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் மனிதக் கை செய்திருக்கிற மிகப் பொறுமையான வேலைகளில் இதுவும் ஒன்று.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானியர்கள் வழியாக பிலிப்பைன்ஸ் வந்த புகையிலை, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவுக்குள் நுழைந்தது. பொடியாக மூக்கில் இழுக்கும் பழக்கத்தை அரண்மனைக்குள் கொண்டுபோனவர்கள் இயேசு சபைப் பாதிரியார்கள். 1684இல் காங்ஷி பேரரசர் நான்ஜிங் வந்தபோது பாதிரியார்கள் கொடுத்த அன்பளிப்புகளில் மூக்குப்பொடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார் என்று பதிவு இருக்கிறது. சளிக்கும் தலைவலிக்கும் மருந்து என்ற பெயரும் பொடிக்கு இருந்ததால், புகை பிடிப்பதைப் பிடிக்காதவர்களும் இதை ஏற்றுக்கொண்டார்கள். ஐரோப்பியர்கள் பொடியை மூடி போட்ட டப்பாவில் வைத்திருந்தார்கள். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று பட்டுப் பொடி கட்டி தட்டிவிடும். சீனர்களிடம் ஏற்கெனவே மருந்து வைக்கும் சின்னக் குப்பிகள் இருந்தன. வாய் குறுகல், தக்கை வைத்து அடைத்தால் காற்றே போகாது. அந்தக் குப்பியையே பொடிக்கும் எடுத்துக்கொண்டு, மூடியின் அடியில் தந்தத்திலோ மூங்கிலிலோ ஒரு குட்டிக் கரண்டியை மட்டும் சேர்த்தார்கள். அதில் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் போட்டு இழுப்பது வழக்கம்.

காங்ஷி 1696இல் அரண்மனைக்கென்றே ஒரு கண்ணாடிப் பட்டறை தொடங்கினார், அதை அமைத்துக் கொடுத்தவர் கிலியன் ஷ்டும்ஃப் என்ற ஜெர்மன் பாதிரியார். கண்ணாடி, பீங்கான், ஜேட் என்ற கடினமான அலங்காரக் கல், பவளம், தந்தம், அம்பர், ஏன், சுரைக்காயில்கூடக் குப்பிகள் வந்தன. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அகேட். காரணம், மற்றவற்றில் கலைஞன் நினைத்ததைச் செய்யலாம். அகேட்டில் கல் என்ன வைத்திருக்கிறதோ அதோடு பேசித்தான் ஆக வேண்டும்.

சரி, அகேட் என்றால் என்ன? எரிமலைக் குழம்பு ஆறிப் பாறையாகும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழ்கள் வெற்றிடங்களாக நின்றுவிடும். பிற்பாடு சிலிக்கா கரைந்த நீர் அந்த வெற்றிடங்களுக்குள் கசிந்து, சுவரை ஒட்டி அடுக்கு மேல் அடுக்காகப் படியும். ஒவ்வொரு அடுக்கிலும் இரும்பு போன்ற கலப்புகள் கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருப்பதால் வெள்ளை, சாம்பல், தேன், காப்பி, சிவப்பு என்று நிறம் மாறும். அதாவது குவார்ட்ஸ் இனம்தான், ஆனால் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. நம் ஊர் அகழாய்வுகளில் மணிகளாகக் கிடைக்கும் சூதுபவளமும் இதற்கு நெருங்கிய சொந்தம்தான். சீன மொழியில் இதற்கு மாநாவ் என்று பெயர், அந்த ஒலிக்குக் குதிரை மூளை என்று பொருள் சொல்லுவார்கள். அறுத்த அகேட்டின் சுழிகளைப் பார்த்தால் அந்த உவமை தோன்றியதில் வியப்பில்லை.

இப்போது முக்கியமான விஷயம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அகேட்டின் கடினம் 6.5 முதல் 7 வரை. சாதாரண எஃகுக் கத்தி இதில் கீறல்கூடப் போடாது. வேதியியல் ஆய்வகங்களில் மாதிரிகளை அரைக்க இன்றும் அகேட் உரலும் குழவியும் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவு எளிதில் தேயாத கல் இது. உளி வைத்துத் தட்டினால் கண்ணாடி மாதிரிச் சில்லு பறக்கும், எங்கே உடையும் என்று சொல்லவே முடியாது. அப்படியானால் இதில் குதிரையையும் குரங்கையும் எப்படிச் செதுக்கினார்கள்?

செதுக்கவே இல்லை. தேய்த்தார்கள். முதல் அறுப்பிலிருந்து கடைசி மெருகு வரை எல்லாமே தேய்ப்புதான்.

சாணை பிடிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுழல்கிறது, அதில் கத்தியை வைத்தால் கல் இரும்பைத் தேய்க்கிறது. இங்கே அதுவே தலைகீழ். சுழல்வது மெல்லிய இரும்புத் தட்டு, தேய்வது கல். ஆனால் இரும்பு கல்லைவிட மென்மையானது ஆயிற்றே? அங்கேதான் மணல் வருகிறது. தண்ணீரில் குழைத்த கடினமான மணலைத் தட்டுக்கும் கல்லுக்கும் இடையில் விட்டுக்கொண்டே இருப்பார்கள். மணல் துகள்கள் மென்மையான இரும்பில் பதிந்து ஒட்டிக்கொண்டு, அந்த இரும்பு சுழலும்போது கல்லைச் சுரண்டும். இரும்பு மணலைச் சுமந்து ஓட்டும் வண்டி மட்டுமே, அறுக்கிற வேலை முழுக்க மணலுடையது. மஞ்சள் மணல் என்பது குவார்ட்ஸ், அது அகேட்டுக்குச் சமமான கடினம் என்பதால் பெரிதாக உதவாது. சிவப்பு மணல் கார்னெட். கறுப்பு மணல் என்று அவர்கள் சொன்னது கொரண்டம், கடினம் 9. இந்தக் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான், நம் பழைய சாணைக்கல்லும் குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் செய்ததுதான் என்பதை நினைத்தால் மனசுக்கு நெருக்கமாக இருக்கிறது.

சுழற்ற மின்சாரம் கிடையாது. ஒரு மர மேசை, அதன் மேல் கிடைமட்டமாக ஓர் அச்சு, அச்சில் சுற்றிய தோல்வார் இரண்டு மிதிகளோடு கட்டியிருக்கும். இடது கால் அழுத்தினால் அச்சு ஒரு பக்கம் சுழலும், வலது கால் அழுத்தினால் மறுபக்கம். ஒரே திசையில் ஓடாமல் முன்னும் பின்னுமாக ஆடும் சுழற்சி. ஒரு கையில் கல், மறு கை ஈர மணலை அள்ளி அள்ளி விடும், கீழே ஒரு தொட்டி வழிவதைப் பிடித்துக்கொள்ளும். 1637இல் சோங் யிங்ஷிங் எழுதிய தொழில்நுட்ப நூலில் ஜேட் அறுக்கும் இந்த ஏற்பாட்டின் படமே இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் கிட்டத்தட்ட இதையேதான் பயன்படுத்தினார்கள். சீன மொழியில் கல்லைத் தேய்ப்பதைக் குறிக்கும் சொல்லையே இன்று ஒன்றைப் பற்றி ஆழ்ந்து யோசிப்பதற்கும் சொல்கிறார்கள், அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தெரிந்தால் அது ஏன் என்று புரியும்.

முதலில் கல்லை அறுத்து, குப்பியின் வெளிவடிவம் தோராயமாக வரும்வரை தடித்த தட்டுகளால் தேய்ப்பார்கள். இது ஓரளவு எளிது. கஷ்டம் உள்ளே குடைவதில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். குப்பியின் வாய் அரை சென்டிமீட்டரோ கொஞ்சம் அதிகமோ இருக்கும். முதலில் ஒரு குழாய் வடிவத் துளைக்கருவியை மணலோடு சேர்த்துச் சுழற்றி, நேராகக் கீழே இறக்குவார்கள். குழாய் என்பதால் நடுவில் பென்சில் போல ஒரு கல் தண்டு நிற்கும், அதை அடியில் முறித்து எடுத்துவிடலாம். இப்போது குப்பிக்குள் நேரான ஒரு கிணறு கிடைத்துவிட்டது. ஆனால் குப்பி வெளியே அகலமாகப் புடைத்திருக்கிறதே, தோள்பட்டை மாதிரி வளைந்திருக்கிறதே, உள்ளேயும் அதே வளைவு வர வேண்டும். அதற்கு நுனி வளைந்த இரும்புக் கம்பிகள். முதலில் கொஞ்சமே வளைந்த கம்பி, அது தேய்த்து இடம் உண்டாக்கியதும் இன்னும் கொஞ்சம் நீளமாக வளைந்தது, அதற்கப்புறம் இன்னும் நீளமானது. எந்தக் கம்பியானாலும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் உள்ளே போய்வர வேண்டும். உள்ளே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, மணல் சேறு மூடியிருக்கும். கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எங்கே தடிப்பாக இருண்டு தெரிகிறது, எங்கே மெல்லியதாகி ஒளி வருகிறது என்று பார்த்து, மறுபடி மணல் போட்டு, மறுபடி தேய்த்து. கை உணர்வதும் காதில் விழும் உரசலும்தான் வழிகாட்டி. தோள்பட்டையின் அடிப்பக்கம்தான் கம்பி எட்டுவதற்கு மிகக் கடினமான இடம், அதனால் குடைந்தவரின் திறமையை அந்த இடத்தை வைத்தே எடை போடலாம். ஒரு முறை கை தப்பிச் சுவர் துளைந்தால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

மிக நன்றாகக் குடைந்த அகேட் குப்பியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். கல் மிதக்கிறது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். அகேட் தண்ணீரைவிடச் சுமார் 2.6 மடங்கு கனம். குப்பியின் வெளிக் கொள்ளளவு 50 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அது மிதக்க மொத்த எடை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதாவது மிச்சமிருக்கும் கல் 19 மில்லிலிட்டருக்குள். 31 மில்லிலிட்டருக்கு மேல் கல் அந்தச் சின்ன வாய் வழியாக வெளியே வந்திருக்க வேண்டும். அந்த அளவுக் குப்பியில் சுவரின் தடிமன் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம் வரும், கழுத்தும் அடிப்பாதமும் கொஞ்சம் தடிப்பாகவே நிற்கும் என்பதால் வயிற்றுப் பகுதி அதைவிட மெல்லியது. பொடி வைக்க இவ்வளவு குடைய வேண்டிய அவசியமே இல்லை, இதில் பாதி இடம் போதும். சுவர் மெலிந்தால் கல்லுக்குள் ஒளி நுழைகிறது, கையில் எடுத்தவர் எதிர்பார்த்த கனம் இல்லாமல் ஒரு கணம் திகைக்கிறார். அந்த இரண்டுக்காகவும்தான் அத்தனை உழைப்பும் என்று நான் நினைக்கிறேன்.

மெருகு போடுவதும் தேய்ப்பின் தொடர்ச்சிதான். மரத்தட்டு, காய்ந்த சுரைக்குடுவையின் ஓட்டில் செய்த தட்டு, கடைசியில் தோல் தட்டு, ஒவ்வொன்றிலும் முன்னதைவிட நைசான பொடி. அகேட்டின் படிகங்கள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் அது ஏற்கும் பளபளப்பு வேறு கற்களுக்கு லேசில் வராது.

இனி நிறத்தைப் பற்றி. அகேட் குப்பிகளை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் குழம்புவது இங்கேதான், எது கல்லிலேயே இருந்தது, எது கலைஞன் செய்தது என்று. சேகரிப்பாளர்கள் நிழலுரு அகேட் என்று சொல்லும் ஒரு வகை உண்டு. வெளிர் சாம்பலோ தேன் நிறமோ உள்ள கல், அதற்குள் இயற்கையாகவே கறுப்பாகவோ காப்பி நிறமாகவோ ஒரு கறை. அந்தக் கறை ஒரு கோணத்தில் பார்த்தால் கம்பத்தில் கட்டிய குதிரை. உடம்பு, தாழ்ந்த கழுத்து, கால்கள், எல்லாம் கல்லே கொடுத்தது. கலைஞன் சில இடத்தில் விளிம்பைக் கொஞ்சம் தேய்த்து ஒதுக்கி, கண்ணுக்கு ஒரு கீற்றுப் போட்டு நிறுத்திக்கொள்வான். சிலவற்றில் அதுகூடக் கிடையாது. பார்த்தால் அவன் ஒன்றுமே செய்யவில்லை என்று தோன்றும். ஆனால் கரடுமுரடான அந்தப் பாறைத் துண்டை எந்தப் பக்கமாக அறுத்தால் இந்தக் குதிரை வெளியே வரும் என்று அறுப்பதற்கு முன்பே அவன் கண்டுபிடித்திருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அறுத்திருந்தால் குதிரைக்குத் தலை இருந்திருக்காது. குப்பியின் வடிவத்தைக்கூட எளிமையாக, தட்டையாக வைத்தார்கள், கண் நேராக அந்தப் படத்துக்கே போக வேண்டும் என்பதற்காக. சுவர் மெலிவதும் இங்கே பயன்படுகிறது, பின்னாலிருந்து ஒளி வந்தால் நிழலுரு இன்னும் துலங்கும்.

இன்னொரு வகையில் கல்லின் மேல்பக்கம் ஒரு கருமையான அடுக்கு, அடியில் வெளிர் அடுக்கு. உருவம் வேண்டிய இடத்தில் மட்டும் கருமையை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் வெளிர் அடுக்கு தெரியும்வரை தேய்த்து எடுத்துவிட்டால், வெளிர் தரையில் கறுப்பு உருவம் புடைத்து நிற்கும். சொல்வது சுலபம். அந்தக் கரும் அடுக்கு ஒரே தடிமனில் இருக்காது, ஒரு மூலையில் தடித்து, இன்னொரு மூலையில் நூலாகி மறையும். எனவே வரைந்துவைத்த படத்தை அப்படியே கல்லில் இறக்க வழியில்லை. நிறம் எங்கே தீர்ந்துபோகிறதோ அங்கே படமும் முடிகிற மாதிரி, போகப் போக மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஒரு சிவப்புப் புள்ளி எதிர்பாராமல் வந்தால் அது பழமாகும், சூரியனாகும், கொக்கின் தலையாகும். நிறத்தைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துவதற்குச் சீனர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

சூச்சோ நகரத்து வேலை இதற்கு நேர் எதிர் சுபாவம். ஜேட், அகேட் தேய்ப்பவர்கள் நிறைந்த ஜுவான்ஜு சந்து அந்த ஊரில்தான் இருந்தது. நிழலுரு வகையில் வெறுமை பேசும் என்றால், சூச்சோ குப்பியில் ஒரு விரலிடம்கூடச் சும்மா இருக்காது. ரம்பப் பல் போன்ற விளிம்போடு அடுக்கடுக்கான பாறைகள், பிளவுகள், வளைந்த தேவதாரு, அதன் கீழ் ஒரு முனிவர், ஓரத்தில் ஒரு படகு, மேலே ஒரு கவிதை வரி. கல்லில் வந்த மஞ்சள் திட்டோ வெடிப்போ எதுவும் குறையாக நிற்காது, பாறையிடுக்காகவோ மேகமாகவோ மாறிப்போகும். சில குப்பிகளில் ஜிதிங் என்ற பெயர் காணப்படுவதால் இந்தப் பாணிக்கே அந்தப் பெயரை வைத்து அழைக்கிறவர்கள் உண்டு. எனக்கு நிழலுரு வகைதான் ஒரு படி மேல், ஆனால் சூச்சோ குப்பியின் அந்தப் பாறைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பதையும் மறுக்கமாட்டேன்.

உருவங்களுக்கு அர்த்தம் உண்டு. சீன மொழியில் ஒரே ஒலியில் பல சொற்கள் வருவதால், படம் ஒரு சிலேடையாகிவிடும். குதிரை மேல் குரங்கு இருந்தால் அது விளையாட்டுக் காட்சி என்று நினைத்துவிடக் கூடாது. குரங்குக்கான சொல்லும் பிரபு பட்டத்துக்கான சொல்லும் ஒரே ஒலி, குதிரை மேல் என்பதற்கு உடனே என்றும் பொருள். ஆக, "உனக்குச் சீக்கிரமே பட்டம் கிடைக்கட்டும்" என்ற வாழ்த்து. வௌவால் வந்தால் பாக்கியம், மீன் வந்தால் வளம், கழுகும் கரடியும் சேர்ந்து வந்தால் வீரன். அதிகாரிகள் ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்துக்கொண்ட பொருள் என்பதால் இந்த வாழ்த்துகள் பொருத்தமாகவே இருந்தன.

வருத்தம் தருவது ஒன்று உண்டு. கல் குப்பிகளில் பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரும் கிடையாது, தேதியும் கிடையாது. சியான்லோங் பேரரசரின் காலத்திலிருந்து, அதாவது 1736க்குப் பிறகு, சுமார் நூறு ஆண்டுகள் இந்தக் கலை உச்சத்தில் இருந்தது. யாருடைய குப்பி என்று வைத்திருந்தவர் பெயரைச் சில சமயம் சொல்ல முடிகிறது, கண்ணுக்குத் தெரியாத உட்சுவரைத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கியவர் பெயரைச் சொல்ல முடிவதில்லை. 1912இல் சிங் வம்ச ஆட்சி முடிந்தது, சிகரெட்டும் பரவிவிட்டது, பொடியிழுக்கும் பழக்கம் மெல்ல மறைந்து குப்பிகள் சேகரிப்பாளர்களின் கைக்குப் போயின. கல் தேய்க்கும் தொழில் மட்டும் நிற்கவில்லை, லியாவ்னிங் மாகாணத்து ஃபூசின் இன்றும் அகேட் வேலைக்குப் பேர்போன ஊர்.

இன்று சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி புதியது. வைரத்தூள் பதித்த மின்கருவி முன்பு பல நாள் இழுத்த வேலையை வெகு சீக்கிரம் முடித்துவிடும், அதில் தவறொன்றும் இல்லை, பழையது என்று சொல்லி விற்காதவரை. நிறத்திலும் கவனம் வேண்டும். அகேட்டின் சில அடுக்குகளுக்கு நுண்துளைகள் உண்டு, அவை சாயம் குடிக்கும். சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போட்டால் உள்ளே போன சர்க்கரை கரியாகி அந்த அடுக்கு மட்டும் கறுப்பாகிவிடும். இது வெகு பழைய வித்தை. பளீரென்ற நீலமோ ரோஜா நிறமோ கண்ணில் பட்டால் பெரும்பாலும் சாயம்தான்.

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலும், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டனிலும் பொடிக் குப்பிகள் இருக்கின்றன, மூன்றும் தங்கள் சேகரிப்பின் படங்களை இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முதலில் படத்தைப் பார்க்காதீர்கள். கொஞ்சம் குனிந்து, விளக்கு குப்பிக்குப் பின்னால் வருகிற மாதிரி நின்றுகொண்டு, கழுத்துக்குக் கீழே தோள்பட்டை வளையும் இடத்தைப் பாருங்கள். அங்கே இருள் திட்டாகத் தேங்கி நின்றால் வளைந்த கம்பி அதுவரை போகவில்லை என்று அர்த்தம். வயிற்றில் வரும் அதே ஒளி தோளிலும் ஒரே சீராக வந்தால், அதற்கப்புறம் குதிரையைப் பாருங்கள்.